பெருவிலங்கு வேட்டைக்கு அம்பு தேர்ந்தெடுப்பது: எல்க் மானை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வில் வாங்க ஆறு மாதம் விசாரிப்பவர்கள்கூட அம்பை அரை மணி நேரத்தில் வாங்கி முடித்துவிடுகிறார்கள். கடைக்காரர் எடுத்து நீட்டிய அரை டஜன் அம்பு, கூடவே ஒரு பாக்கெட் முனை, அவ்வளவுதான். விலங்கின் உடம்புக்குள் போகப்போவது அந்த அம்பு ஒன்றுதான் என்பது அப்போது யாருக்கும் உறைப்பதில்லை.

கொலராடோவில் என் முதல் எல்க் சீசனுக்கு நானும் அப்படித்தான் தயாரானேன். இழுக்க 65 பவுண்டு விசை கேட்கும் வில்லுக்கு ஒரு கடையில் 500 ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் குறிக்கும் எண்) அம்புகளைக் கொடுத்தார்கள். பயிற்சி முனையோடு எய்தபோது எல்லாம் ஒழுங்காகவே விழுந்தன. சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது வேட்டை முனையை (கூர்த் தகடுகள் கொண்ட அகல முனை) மாட்டி 30 கெஜத்தில் எய்தேன். ஓர் அம்பு இடது ஓரம் போனது. அடுத்தது அதிலிருந்து ஓர் அடி தள்ளி வலது பக்கம். அந்த ஆண்டு மலைக்குப் போகவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அம்பைப் பற்றியே படித்தேன், எய்து எய்து பார்த்தேன். அதில் தேறியதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே பேசுவது அமெரிக்காவில் உரிமம் எடுத்து, சீசனுக்குள், விதிக்கு உட்பட்டு வில்லோடு போகிறவர்களுக்கு மட்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: விலங்கிலிருந்து தொடங்குங்கள்

அம்பு எப்படிக் கொல்கிறது என்பது புரிந்தால் மற்ற முடிவுகள் தானாக வந்து சேரும். ரைபிள் குண்டு அதன் வேகத்தால் சுற்றியுள்ள திசுக்களையும் சிதைக்கிறது. அம்பு தன் பாதையில் இருப்பதை வெட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு நுரையீரல்களையும் வெட்டிக்கொண்டு மறுபக்கம் வெளியே போனால் விலங்கு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் சாய்ந்துவிடும். பாதியில் நின்றுபோனால் ஒரு நுரையீரல் மட்டும் அடிபட்ட விலங்கு மைல் கணக்கில் நடக்கும். அடர்ந்த காட்டில் அதைக் கண்டுபிடிப்பது அரிது. அதனால்தான் உள்ளே ஒரு துளை, வெளியே ஒரு துளை என்று இரண்டையும் கேட்கிறோம். மரத்தின் மேல் பரண் கட்டி எய்பவருக்கு இது இன்னும் முக்கியம். மேலே நுழைந்த துளையிலிருந்து ரத்தம் வெளியே வரத் தாமதமாகும்; கீழே வெளியேறிய துளைதான் தரையில் தடம் விடும்.

வளர்ந்த ராக்கி மலை எல்க் ஆண் சுமார் 700 பவுண்டு, அதாவது 300 கிலோவுக்கு மேல். வெண்வால் மானை நினைத்து வாங்கிய அம்பு இங்கே திணறலாம். தோல் தடிமன், விலா எலும்பு அகலம், நெஞ்சறையின் ஆழம் எல்லாமே வேறு. இன்னும் கெட்டியான விலங்கு வேண்டுமென்றால் தெற்கு டெக்சாஸில் இருக்கிறது. வட இந்திய வயல்களில் மேயும் நீலகாய் 1920, 30-களில் அங்குள்ள பண்ணையில் விடப்பட்டுப் பெருகிவிட்டது. தோலும் தோள்பகுதியும் தடித்தவை. அடிபட்ட இடத்தில் ரத்தம் அதிகம் சிந்தாது. கிண்டியில் நாம் பார்க்கும் புள்ளிமானும் 1932-ல் டெக்சாஸுக்குப் போனதுதான். அது இலகுவான உடம்பு, ஆனால் நாண் சத்தம் கேட்டதும் துள்ளி விலகிவிடும். ஒரே வேட்டைக்காரருக்கு இந்த இரண்டுக்கும் ஒரே அம்பு பொருந்தாது.

சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கொலராடோ விதிப்படி வில் குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். முனை குறைந்தது ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு அகலமும் இரண்டு எஃகு வெட்டு விளிம்பும் கொண்டிருக்க வேண்டும். அலாஸ்காவில் அம்பு மொத்தம் 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) எடை, 20 அங்குல நீளம். மூஸுக்கு (எல்க்கைவிடப் பெரிய மான்) 50 பவுண்டு வில். ஒவ்வொரு மாநிலமும் வேறு வேறு. சில இடங்களில் விரியும் முனைக்கும், ஒளிரும் 'நாக்' (நாணில் மாட்டும் அம்பின் வால் பாகம்) பொருத்துவதற்கும் தடை இருக்கலாம். அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

படி 2: உங்கள் வில்லின் அளவுகள்

டிரா வெயிட் (வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை), டிரா லெங்த் (நாணை இழுக்கும் தூரம்), அம்பின் நீளம் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். டிரா வெயிட்டை வில் தராசில் தொங்கவிட்டு அளக்க வேண்டும். வில்லில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். டிரா லெங்துக்கு இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட வரும். 70 அங்குலம் விரிப்பவருக்கு 28.

அம்பின் நீளம் என்பது நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து தண்டின் முன் நுனி வரை. முனையைச் சேர்க்கக் கூடாது. முழுதாக இழுத்து நிற்கும்போது தண்டின் நுனி ரெஸ்ட்டுக்கு (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) ஓர் அங்குலம் முன்னால் இருந்தால் போதும். அதைவிடக் குறைத்தால் அகல முனை கைக்கு அருகே வரும்; ரெஸ்ட்டிலிருந்து அம்பு நழுவினால் கை போய்விடும்.

படி 3: ஸ்பைன்

இதைத் தவறவிட்டால் மற்ற எதுவும் உதவாது. என் முதல் சீசன் இங்கேதான் போனது.

ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு 0.500 அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன், 0.340 தொய்ந்தால் 340. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம்.

தாங்கியில் கிடக்கும்போது இருக்கும் விறைப்பு ஒன்று. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது தண்டு காட்டும் விறைப்பு வேறு. நாண் விடுபட்ட கணத்தில் முனையின் எடை முன்னால் தடுக்கிறது, நாண் பின்னால் உந்துகிறது, நடுவில் தண்டு மீன் போல வளைந்து நெளிகிறது. மூன்று விஷயங்கள் இந்த நெளிவைக் கூட்டும்: டிரா வெயிட் கூடுவது, அம்பு நீளமாவது, முனை கனமாவது. ஆக, 100 கிரெயின் முனைக்குப் பொருந்திய தண்டில் 150 கிரெயின் முனையைத் திருகினால் நீங்கள் வேறொரு அம்பை எய்கிறீர்கள். தண்டை வெட்டிக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும். வெட்டியதை ஒட்ட முடியாது, ஆகவே அரை அங்குலம் கூடுதலாகவே தொடங்குங்கள்.

பயிற்சி முனை இந்தக் குறையை மறைத்துவிடும். பின்னால் இருக்கும் இறகுகள் நெளிவை அடக்கி நேராக்கிவிடுகின்றன. அகல முனை அப்படி விடாது. அதன் தகடுகள் முன்பக்கம் இன்னொரு ஜோடி இறக்கை மாதிரி காற்றைப் பிடிக்கும். அம்பு கொஞ்சம் சாய்வாகக் கிளம்பினாலும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

தண்டு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தேர்வு அட்டவணை தருகிறது. 60 பவுண்டு, 28 அங்குலம், 100 கிரெயின் முனை என்றால் பெரும்பாலும் 400 அருகே வரும். 70 பவுண்டு, 29 அங்குலம் என்றால் 340 அல்லது 300. இரண்டு எண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் காம்பவுண்ட் வில்லுக்கு (கப்பிகள் வைத்த நவீன வில்) விறைப்பானதையே எடுங்கள். சற்றே கூடுதல் விறைப்பைச் சரிக்கட்ட முடியும். தொய்வான தண்டோ வேட்டை முனையோடு திசை மாறும். மிகவும் தொய்வானது எய்யும்போதே உடைந்து கையைக் கிழிக்கும் அபாயமும் உண்டு.

பழைய அலுமினிய அம்புகளில் எழுதும் முறை வேறு. 2117 என்றால் வெளி விட்டம் அங்குலத்தில் 64-ல் 21 பங்கு, சுவர்த் தடிமன் 0.017 அங்குலம். இரவல் அம்போடு பயிற்சி செய்பவர்களுக்கு இது பயன்படும்.

படி 4: எடை

அம்பின் எடையைக் கிரெயினில் அளப்பார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4. வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் என்பது வில் தயாரிப்பாளர்கள் வைக்கும் பொதுவான எல்லை. அதற்குக் கீழே போனால் வெறும் நாணை விட்ட மாதிரி அதிர்ச்சி வில்லுக்கே திரும்பும். விளம்பரத்தில் வரும் வேகமும் அந்த 5 கிரெயின் கணக்கில் எடுத்ததுதான்: 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெயின் அம்பு. வேட்டைக்குப் போகும் அம்பு அப்படி இருக்காது.

என் 65 பவுண்டு வில்லில் ஒரே தண்டை இரண்டு விதமாகக் கட்டிப் பார்த்தேன். 28 அங்குலம், அங்குலத்துக்கு 9 கிரெயின், ஆகத் தண்டு 252. இறகு மூன்றும் 21, நாக் 10. முதல் அம்பில் 15 கிரெயின் அலுமினிய இன்செர்ட் (முனையைத் திருக தண்டுக்குள் ஒட்டும் பாகம்), 100 கிரெயின் முனை, மொத்தம் 398. இரண்டாவதில் 50 கிரெயின் பித்தளை இன்செர்ட், 125 கிரெயின் முனை, மொத்தம் 458. வேகம் நொடிக்கு 280 அடியும் 262 அடியும் வந்தது.

இயக்க ஆற்றல் கணக்கு எளிது: கிரெயின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240-ஆல் வகுக்க வேண்டும். முதல் அம்பு 69 அடி-பவுண்டு, இரண்டாவது 70. கிட்டத்தட்ட ஒன்றே. ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை மான் வகைக்கு 25 முதல் 41, எல்க், கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65 என்கிறது; இரண்டு அம்புமே தாண்டிவிட்டன. ஆனால் எடையை வேகத்தால் மட்டும் பெருக்கிக் கிடைக்கும் உந்தம் இரண்டாவது அம்பில் சுமார் 8 சதவீதம் கூடுதல். எலும்பையும் சதையையும் தள்ளிக்கொண்டு போவதற்கு இந்த எண்தான் நெருக்கமான அளவுகோல் என்பது என் முடிவு.

அப்படியானால் வேகத்தை இழப்பதால் என்ன நஷ்டம்? 30 கெஜத்தில் முதல் அம்பு 0.32 நொடியில் சேர்கிறது, இரண்டாவது 0.34-ல். நாண் சத்தமோ 0.08 நொடியில் போய்விடுகிறது. துள்ளப்போகிற மான் எப்படியும் துள்ளிவிடும்; அந்த 0.02 நொடி அதைத் தடுக்காது. தூரத்தைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். 40 கெஜம் என்று நினைத்தது உண்மையில் 43 என்றால், இரண்டு அம்புமே ஏறத்தாழ மூன்று அங்குலம் கீழே விழும்; இரண்டுக்கும் நடுவே அரை அங்குல வித்தியாசம்கூட இல்லை. தூரம் அளக்கும் கருவி பையில் இருக்கும்போது வேகத்துக்காக எடையைக் கொடுப்பது வீண் வியாபாரம்.

எட் ஆஷ்பி 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் தொடங்கி, விலங்குகளின் மேல் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கனமான எலும்பைப் பிளக்க 650 கிரெயின் வேண்டும் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் 650-க்கு ஓடுகிறார்கள். அவர் வரிசையில் முதலில் வருவது அம்பு உடையாமல் இருப்பது, அடுத்தது நேராகப் பறப்பது. எடை அதற்குப் பிறகுதான். 60 முதல் 70 பவுண்டு காம்பவுண்ட் வில்லோடு எல்க் தேடிப் போகிறவருக்கு 450 முதல் 550 கிரெயின் என்பது என் பரிந்துரை. நீலகாய்க்கோ மூஸுக்கோ அதன் மேல் எல்லையையும் தாண்டலாம். 45 பவுண்டு வில் வைத்திருப்பவருக்கு எடையைவிட முனைத் தேர்வும் கிட்டப்போய் எய்வதும் அதிகம் கைகொடுக்கும்.

படி 5: முன்பக்க கனம்

அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை எஃப்.ஓ.சி. என்பார்கள். முனை மாட்டிய அம்பைக் கத்தி விளிம்பில் வைத்து நிற்கும் இடத்தைக் குறியுங்கள். நாண் பள்ளத்திலிருந்து அந்த இடம் 18.6 அங்குலம், அம்பு நீளம் 28 என்றால், பாதியான 14-ஐக் கழிக்க 4.6. அதை 28-ஆல் வகுத்தால் 16 சதவீதத்துக்குச் சற்று மேல். மேலே சொன்ன 458 கிரெயின் அம்பின் கணக்கு இதுதான். 398 கிரெயின் அம்பில் 12 சதவீதம் அருகே இருந்தது. வேட்டை அம்புக்கு 10 முதல் 15 என்பது வழக்கமான பரப்பு. அதற்கு மேலே போக விரும்பினால் ஸ்பைனை மறுபடி பாருங்கள், ஏனென்றால் முன்னால் ஏற்றும் ஒவ்வொரு கிரெயினும் தண்டைத் தொய்வாக்கும்.

படி 6: தண்டு

இன்று பெரும்பாலோர் எடுப்பது கார்பன். விட்டம் குறைந்த 5 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் தண்டுகளைப் பக்கக் காற்று அதிகம் தள்ளாது. உடம்புக்குள் உராய்வும் குறைவு. ஆனால் இன்செர்ட் மெலிதாகிவிடும். நல்ல எஃகு அல்லது டைட்டானியம் பாகம் போடாவிட்டால் எலும்பில் பட்டதும் முன்பக்கம் பிளந்துவிடும். நேர்த்தன்மை 0.006, 0.003, 0.001 அங்குலம் என்று விலை ஏறும். 0.003 போதும், மிச்சப் பணத்தை முனையில் போடுங்கள்.

படி 7: முனை

நிலையான தகடு, விரியும் தகடு என்று இரண்டு குலம். விரியும் முனை மூடிய நிலையில் பயிற்சி முனை மாதிரிப் பறக்கும், உள்ளே போனதும் ஒன்றரை, இரண்டு அங்குலம் விரிந்து வெட்டும். விரிவதற்கே ஆற்றலில் ஒரு பங்கு போய்விடும். அகலமாக வெட்டுவதற்கு இன்னொரு பங்கு. வெண்வால் மானுக்கு, 60 பவுண்டுக்கு மேல் வில் இருந்தால், குறை சொல்ல மாட்டேன். எல்க்குக்கு நான் எடுப்பதில்லை. தோள்பட்டை எலும்பில் பட்டால் தகடு மடங்கலாம், அசையும் பாகம் எதுவும் உடையலாம். ஒரே எஃகுத் துண்டில் கடைந்த இரண்டு தகடு அல்லது மூன்று தகடு முனையே என் தேர்வு. வில்லின் பலம் குறையக் குறைய இரண்டு தகட்டை நோக்கிப் போங்கள். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் குறைந்த விசையில் ஆழம் போகும்.

ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்த ஒற்றைச் சரிவு முனை உள்ளே போகும்போது திருகிக்கொண்டு போகும், எலும்பைப் பிளக்க அது உதவும். வலச் சரிவு முனைக்கு இறகும் வலப்பக்கம் திருகியதாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒன்றையொன்று எதிர்க்கும்.

கூர்மைக்கு வருவோம். பாக்கெட்டிலிருந்து எடுத்த முனை எல்லாம் கூராக இருக்கும் என்று நம்பாதீர்கள். முன்கை முடியைச் சுத்தமாக மழிக்க வேண்டும், இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டை அழுத்தாமல் தொட்டதும் அறுக்க வேண்டும். மழுங்கிய தகடு ரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். கூரானது அறுத்துவிட்டுப் போகும். கல்லும் தோல் பட்டையும் வாங்கி நீங்களே தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 8: இறகும் நாக்கும்

நிலையான முனைக்கு மூன்று பிளாஸ்டிக் வேன் (இறகுக்குப் பதில் ஒட்டும் தகடு), இரண்டிலிருந்து மூன்று அங்குலம், சற்றே திருகலாக ஒட்டியது. நாலு வேனும் நல்லதுதான். லாங்போ, ரீகர்வ் போன்ற பாரம்பரிய வில்களில் அம்பை வில்லின் திட்டின் மேலேயே வைத்து எய்பவர்கள் உண்மையான இறகு போட வேண்டும். அது மடிந்து கொடுக்கும், பிளாஸ்டிக் தட்டிவிடும். நாக் நாணில் 'டிக்' என்று உட்கார்ந்து, நாணை லேசாகத் தட்டினால் கழன்று விழ வேண்டும்.

படி 9: கட்டுவதும் நேர்படுத்துவதும்

கார்பன் தண்டைக் குழாய் வெட்டும் கருவியால் வெட்டாதீர்கள். வேகமாகச் சுழலும் உராய்வுத் தகட்டால் வெட்ட வேண்டும், முகமூடி கட்டாயம். வெட்டிய முனையைச் சதுரமாகத் தேய்த்து, உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சி போட்டு இன்செர்ட்டை ஒட்டுங்கள். முனையை மாட்டி, அதன் நுனி மேஜையில் படும்படி அம்பைச் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேரும் இடம் ஆடினால் அந்த அம்பு வேட்டைக்கு இல்லை.

அடுத்து ஆறடி தூரத்தில் மரச்சட்டத்தில் கட்டிய காகிதத்தின் வழியே எய்யுங்கள். வட்டத் துளையும் மூன்று இறகுத் தடமும் ஒரே இடத்தில் விழும் வரை ரெஸ்ட்டைத் திருத்துங்கள். பிறகு 20, 30, 40 கெஜத்தில் பயிற்சி முனையும் வேட்டை முனையும் மாறி மாறி. வேட்டை முனை வலப்பக்கம் விழுந்தால் ரெஸ்ட்டை இடப்பக்கம் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு நகர்த்துங்கள். கீழே விழுந்தால் உயர்த்துங்கள். வேட்டை முனை எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட் போக வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். இரண்டும் ஒன்றாக விழத் தொடங்கும் மாலை, நம்புங்கள், சீசனின் பாதி சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு அம்புக்கும் எண் போடுங்கள். ஒன்று மட்டும் அடம் பிடித்து விலகினால் நாக் பாகத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடி எய்து பாருங்கள். அப்போதும் சேராவிட்டால் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். சேர்ந்த ஐந்தாறு அம்புகளின் முனைகளை மறுபடி தீட்டித் தூணியில் வையுங்கள். பஞ்சுக் குறியில் எய்த தகடு கூராக இருக்காது.

படி 10: எய்வதற்கு முன்னும் பின்னும்

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் கார்பன் தண்டை இரு கையாலும் வளைத்து, திருகி, காதருகே வைத்துக் கேளுங்கள். சிறு நொறுங்கல் சத்தம் வந்தாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள்.

எல்க் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது உங்களுக்குச் சற்றே முதுகு காட்டி விலகி நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். நேர் எதிரே நெஞ்சைக் காட்டினால் எவ்வளவு கனமான அம்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள். எய்த பிறகு முதலில் தேட வேண்டியது அம்பைத்தான். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தடம் பிடியுங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல்; பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சைக் கறையும் குடல் நாற்றமும் இருந்தால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். துரத்தினால் அது ஓடும், நீங்கள் இழப்பீர்கள், அதுவும் வேதனையில் சாகும்.

அம்பு உள்ளேயே உடைந்திருந்தால் துண்டுகளைச் சேர்த்து நீளம் முழுதாக வருகிறதா பாருங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். கார்பன் சிராய் கண்ணுக்குத் தெரியாது, சாப்பிடுபவர் தொண்டையில்தான் தெரியும்.